மருந்துக் கிண்ணத்தில் மாதா தண்ணீர்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். உன் கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அழவில்லை. நீ போனதிலிருந்து எனக்கு அழுகை சரியாக வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, உள்ளே முழுக்க.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா இன்னும் ஜூரோங் கப்பல் பட்டறைக்குத்தான் போகிறார். விடியும் முன்னே கம்பெனி பஸ் கீழே வந்து நிற்கிறது. ஊரெல்லாம் ரயிலுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ரயில் வந்தால் இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்கிறார். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் பெரிய பொண்ணு எங்கே என்று இன்னும் கேட்கிறாராம். அம்மா ஒரே மீனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அடுத்த செய்தியை எப்படிச் சொல்வது? எனக்கும் வந்துவிட்டது அக்கா. உனக்கு வந்ததே எனக்கும்.

மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் நிற்கவே இல்லை. அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன். வகுப்பில் சளி வந்தால் விழுங்கிவிடுவேன். அதன் நிறத்தைப் பார்க்கப் பயம். கடைசியில் ஒருநாள் திடலில் ஓடும்போது மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டார்.

உன்னைப் பார்த்த அதே டாக்டர்தான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே உன் பெயரைச் சொன்னார். நுரையீரலுக்குள் குழாய்கள் தளர்ந்துபோய்ச் சளி அங்கேயே தேங்குகிறதாம். முழுசாகக் குணமாகாது, தினமும் சளியை எடுத்துவிட்டால் நன்றாகவே வாழலாம் என்றார். அம்மா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

உனக்குக் கொடுத்த மாதிரியே ஒரு மெஷினை ஆஸ்பத்திரியில் இரவல் கொடுத்தார்கள். நீ அதற்கு டேனியல் அங்கிள் என்று பேர் வைத்தாயே, மேல்வீட்டு அங்கிளின் குறட்டை மாதிரி சத்தம் போடுகிறது என்று. இதுவும் அதே குறட்டைதான்.

நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். சின்னப் பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தைத் திருகி, உப்புத் தண்ணீரை மெஷின் கிண்ணத்தில் விட்டு, புகையாக வருவதை வாயால் மெதுவாக இழுக்க வேண்டும். சளி இளகும். அப்புறம் தலை தாழ்வாக இருக்கும்படி படுத்து, முதுகில் தட்டச் சொல்லி இருமினால் வெளியே வந்துவிடும். கிண்ணத்தில் வேறு ஒன்றும் சேர்க்கக்கூடாது, பைப் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆகாது, அதில் இருக்கிற கிருமி புகையோடு நேரே நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். அம்மா தலையாட்டினாள். உனக்குச் சொன்னபோதும் இப்படித்தான் தலையாட்டினாள்.

அக்கா, பெரியம்மா வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மாதா தண்ணீர்ப் பாட்டில் ஞாபகம் இருக்கா? மாதா உருவத்தில் இருக்கும், நீலக் கிரீடம்தான் மூடி. ஒருநாள் மத்தியானம் அம்மா அந்தக் கிரீடத்தைத் திருகி, ஜெபம் சொல்லிக்கொண்டே உன் கிண்ணத்தில் விட்டதை நான் கதவுகிட்ட நின்று பார்த்தேன். நீயும் பார்த்தாய். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

அம்மா சமையலறைக்குப் போனதும் ஓடி வந்து, மிஸ்ஸி வேண்டாம் என்றாரே என்று கேட்டேன். மாதாவுக்கு உப்பு கொஞ்சம் கம்மி லா, அவ்வளவுதான் என்று சிரித்தாய். அப்புறம் சிரிக்காமல் ஒன்று சொன்னாய். "விடுடி. அம்மாவும் எனக்கு ஏதாவது செய்யணும்ல."

அதற்குப் பிறகு தினமும் விட்டாள். அந்தத் தண்ணீர் எத்தனை காலமாகப் பாட்டிலில் இருந்ததோ. உனக்குக் காய்ச்சல் வந்தது. சளி பச்சையானது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது, இங்கே வந்ததே தாமதம் என்றார் டாக்டர். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால்தானா? அதனால் இல்லையா? எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

நீ ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை?

இன்று சாயங்காலம் எனக்கு முதல்முறை. அப்பாவுக்கு ஓவர்டைம். அம்மா மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, மெஷினை வைத்தாள். பக்கத்தில் மாதா பாட்டிலை வைத்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் பேச்சு உன் காய்ச்சலில் போய் நிற்கும். சொல்லாமல் விட்டால் அந்தத் தண்ணீர் எனக்குள் போகும்.

கிரீடத்தைத் திருகினாள். நான் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"உள்ளே வேண்டாம்மா. நெத்தியில போடு."

"மாதா தண்ணிடி இது. என்ன பண்ணிடப் போகுது?"

"மிஸ்ஸி அன்னிக்கே சொன்னாங்கம்மா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம். அன்னிக்கே என்று, உனக்குச் சொன்ன நாளையே சொல்லிவிட்டேன். அம்மா கேட்பதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டேன். டேனியல் அங்கிள் குறட்டை விட ஆரம்பித்தார். புகை உப்புக் கரித்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். திறந்தபோதும் அம்மா கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அப்புறம் தலையணைகளை அடுக்கி என்னைக் குப்புறப் படுக்க வைத்தாள். உனக்குத் தட்டுவது போலவே, கையைக் குழித்து வைத்துக்கொண்டு முதுகில் தட்டினாள். நன்றாகத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி நின்றது. எனக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்து, பேசினில் துப்பினேன். வெளுத்த மஞ்சள். இந்தத் தடவை பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். நெஞ்சில் ஒரு மூலை திறந்துகொண்ட மாதிரி இருந்தது. காற்று உள்ளே போனது.

அம்மா பேசினைக் கழுவப் போனாள். சிங்க்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

நான் வாயைத் துடைக்கிற மாதிரி துண்டை வைத்துக்கொண்டேன். அம்மா திரும்பக் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள். ஜெபமாலை சொன்னோம். விளக்கை அணைத்தாள்.

அவள் தூங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அசைவே இல்லை.

காலையில் கேட்பாள். கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். தெரியாது என்று பொய் சொன்னால், ஒன்றும் அறியாத பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைப்பாள். அதனால் உண்மையைச் சொல்லப் போகிறேன். உனக்குத் தெரியும், தெரிந்தேதான் வாங்கிக்கொண்டாய், அவள் கையால் வந்தது உனக்கு வேண்டியிருந்தது என்று. இதைக் கேட்டு அவள் தாங்குவாளா, உடைந்துவிடுவாளா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது. நீ சொல்லவேண்டியதை நான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். என் கிண்ணத்தில் யாரையும் எதுவும் விட நான் சம்மதிக்க மாட்டேன். அம்மா அழுதாலும் கையை எடுக்க மாட்டேன். தினமும் புகை இழுப்பேன், தினமும் துப்புவேன், நிறத்தைப் பார்ப்பேன். முதுகைத் தட்டுவது மட்டும் அம்மாவின் வேலை. நான் உன்னைப்போல நல்லவள் இல்லை, அக்கா. நான் உயிரோடு இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
அம்மாவுக்கு மிச்சமிருக்கிற ஒருத்தி,
உன் தங்கச்சி லூசி