வைக்கோல் கன்று

அன்புள்ள தம்பி யோகராஜுக்கு,

செல்வகணேஷின் அப்பா அழகிரிசாமி எழுதுவது. கழுகுமலையான் புண்ணியத்தில் நாங்கள் ஏதோ இருக்கிறோம். ஓசூரில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சுகமாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்க இந்த ஆள் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைக்காதே. போனில் பேசினால் செல்வகணேஷின் அம்மா காதில் விழும். இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் நானும் அழுதுவிடுவேன்.

புதூர்ப் பக்கம் மழை பேருக்குத் தூறிவிட்டுப் போய்விட்டது. மக்காச்சோளம் முளைத்த மட்டில் நிற்கிறது. மிச்சத்தைப் பன்றி பார்த்துக்கொள்ளும். அது கிடக்கட்டும்.

உன் அறையில் இருந்துகொண்டு செல்வகணேஷ் பார்த்த அந்த ஜப்பான் பொம்மைப் படத்தை, ஒவ்வொரு பாகமாகக் கதை சொல்லிப் பதிந்து அம்மாவுக்கு அனுப்புவான். அவளும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்துக்கொண்டே காதில் மாட்டிக் கேட்பாள். செத்தவர்களின் ஞாபகத்தை எடுத்து இயந்திர உடம்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிற ஊராம். ஒரு தாய்க்கு அப்படி ஒரு மகன் திரும்பி வருகிறானாம். வந்தவன் போனவன்தானா என்பதுதான் கதை. “ஞாபகம் மட்டும் இருந்தா ஆளு ஆயிருமாம்மா?” என்று ஒரு பாகத்தில் கேட்டிருக்கிறான். “அதுக்குப் பசிக்குமாலே?” என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். இருபத்தேழு வயசுக் கழுதைக்குப் பொம்மைப் படம் கேக்குதோ என்று நான்தான் ஏசினேன். “ஒருநா பாருங்கப்பா, பெறவு ஏசுங்க” என்றான். நான் பார்க்கவே இல்லை.

பத்தொன்பதாம் பாகத்தைச் சொல்லி அனுப்பிய மூன்றாம் நாள் லாரிக்காரன் அவன் பைக்கை அடித்துப் போட்டான். அதற்குப் பிறகு அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. இன்னும் ஏழு பாகம் இருக்கே, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் நான் உனக்குப் போன் போட்டேன். செத்தவர் குரலில் கம்ப்யூட்டரையே பேச வைக்கலாமாமே, அவன் குரலில் மிச்சக் கதையைச் சொல்ல வைத்து அனுப்பு என்று கெஞ்சினேன். வேண்டாம் அப்பா, பாவம் என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. அவன் முன்னமே சொல்லி வைத்திருந்தது என்று அவளிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

எனக்கு ஏன் அந்தப் புத்தி வந்தது தெரியுமா? எங்கள் செவலைப் பசு ஒரு தடவை கன்று செத்து, மடியைத் தொட விடாமல் நின்றது. கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து முன்னால் நிறுத்தினேன். அதை நக்கிக்கொண்டே பால் விட்டது. மாட்டுக்குச் செய்ததை மனுஷிக்கும் செய்யலாம் என்று நினைத்த மடையன் நான். நீ அனுப்பியதைக் கேட்டு அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் தம்பி.

போன ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்தாம் பாகம் கேட்டு முடித்தவள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். “இது நம்ம புள்ள இல்லனு எனக்குத் தெரியும்” என்றாள். “அவன் ஒவ்வொரு கத முடிஞ்சதும் ‘மாத்திர போட்டியாம்மா’னு கேப்பான். இது கத முடிஞ்சதும் சும்மா நின்னு போவுது” என்றாள். எப்போதிருந்து தெரியும் என்றேன். முதல் நாளே தெரியுமாம். பிறகு ஏன்டி கேட்டாய் என்றதற்கு, “நீங்களும் அந்தப் பயலும் எனக்காக இவ்வளவு பாடுபடுதீங்களேன்னு கேட்டேன். நம்ம செவல மட்டும் வைக்கல்னு தெரியாமலா நக்குச்சு?” என்றாள்.

அதோடு விடவில்லை. “யோகராசு ஒத்தயில உக்காந்து என் புள்ள குரலக் கேட்டுக் கேட்டுத்தான இதச் செஞ்சிருப்பான்? அவனுக்கும் சேக்காளி போயிட்டானே, அவன் எப்பிடிச் சோறு தின்னான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று என்னை ஏசினாள். நான் கேட்கவில்லையே தம்பி. ஆறு தடவை உன்னை அந்தக் குரலோடு உட்கார வைத்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

இந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாகத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாய். அனுப்ப வேண்டாம். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு நேரே வா. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு நான் வண்டியோடு வருகிறேன். எங்கள் முன்னால் உட்கார்ந்து, உன் வாயால், உன் குரலில் கதையைச் சொல்லி முடி. கடைசியில் அந்தத் தாய் தன் கையாலேயே இயந்திரப் பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தால், அதையும் ஒளிக்காமல் சொல். அவள் தாங்குவாள். நான் தாங்குவேனா என்று தெரியவில்லை. படத்தையும் போனில் கொண்டுவா. அவன் ஒருநாள் பாருங்கள் என்று சொன்னானே, பார்த்துவிடுகிறேன்.

கதை முடிந்ததும் அம்மாவிடம், மாத்திரை போட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. நான் கேட்டுப் பார்த்தேன், அழுகிறாள். நீ கேட்டால் போடுவாள்.

நீ நூறு வயசு இருக்கணும்யா. பைக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வராதே, பஸ்ஸில் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அழகிரிசாமி