உன் ஸ்பிரிங்கைக் கழற்றி எறியவில்லை, அண்ணா

என் ஆசை சேகரண்ணாவுக்கு,

மணலில் ஓட்ட நீ செய்த வண்டி அண்ணியைத் தூக்கி எறிந்துவிட்டது. வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பயப்படாதே, அண்ணி பிழைத்துக்கொண்டார். வலது கட்டை விரல் பிசகிவிட்டது. உதட்டில் இரண்டு தையல்.

கரையில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் நிற்கும் வேனுக்குப் போகிறபோதுதான் நடந்தது. அலை அரித்த மேட்டில் முன்சக்கரங்கள் ஏறின. ஏறியவை மறுபடி மணலைத் தொடவே இல்லை, வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. கீழே வரும்போது ஒரு சக்கரம் முதலில் குத்தியதும் ஸ்டியரிங் அண்ணியின் கையை உதறிவிட்டுத் தானாகச் சுற்றியது. வண்டி போய் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு அம்மாள் கூடையை வைத்துக்கொண்டு மீன் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முழம், அண்ணா.

அன்று சாயங்காலமே ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். தேசப்பன் பெரியப்பாதான் பேசினார்.

"சேகரு ஓட்டுனான், நாங்க எதுனா கேட்டமா? இந்தப் பொண்ணு கையில அது குதிர மாதிரி துள்ளுது. ரெண்டு வாரம் டைம். ஞாயித்துக்கெயம எல்லார் எதிர்லயும் லோடோட ஓட்டிக் காட்டட்டும். துள்ளுச்சுன்னா காயலாங்கடைக்குப் போவட்டும்."

அந்த வண்டியை விட்டால் அண்ணிக்கு வேறு பிழைப்பு ஏது? ஆனால் அதே வண்டியில் அவரை மறுபடி ஏற விடவும் எனக்கு மனம் வரவில்லை.

உன் வெல்டிங் சினேகிதர் ரஃபீக்கைத் திருவொற்றியூரிலிருந்து கூட்டிவந்தேன். அவர் வலப்பக்கம் நின்று, இரண்டு கையாலும் வண்டியின் மூக்கை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. அந்தச் சக்கரத்துக்கு மேலேயே ஒல்லி உடம்போடு ஏறி நின்றார். அப்போதும் அது கல் மாதிரிதான் நின்றது.

"இது லோடு ஆட்டோ ஸ்பிரிங்கு தங்கச்சி. வண்டியோ வெறும் பைப்பு, எஞ்சினும் பின்னால கீது. நம்ம சேகர் மாமு தொண்ணூத்தஞ்சு கிலோ. அவுரு முன்னால குந்துனா அமுங்கும். அண்ணி குந்துனா, ஒரு ஆளு வந்ததே இதுக்குத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் பாலைவன வண்டிகளைப் பார்த்துப் பார்த்து நீ செய்த வண்டி, உன் உடம்புக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை. போன ஆடியில் உன் உயிரோடு அந்த உடம்பும் போய்விட்டது. ஸ்பிரிங் மட்டும் நீ வந்து உட்காருவாய் என்று இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. இது தெரிந்துதான் நீ இருந்தவரை அண்ணியை ஓட்டவே விடவில்லையா? இல்லை, பொம்பளைக்கு எதற்கு என்ற நினைப்பா? யாரிடம் கேட்பேன்?

மெல்லிய கம்பியில் வேறு ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்றார் ரஃபீக். அண்ணி வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"அவுரு கையால போட்டது. எவனும் மாத்தக் கூடாது."

"அப்ப நீங்க உசுரோட இருக்க வேணாமா?" என்று நான் கத்திவிட்டேன். அண்ணியிடம் குரல் உயர்த்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அம்மன் சொல்லட்டும்" என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூ கேட்டோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் வேறு ஸ்பிரிங் போடலாம், வெள்ளை வந்தால் கூடாது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். நான் பிரித்தேன். வெள்ளை.

அம்மன் வாக்கை நான் ஒருநாளும் மீறியதில்லை, உனக்கே தெரியும். அன்று பிரகாரத்தைச் சுற்றும்போது வாய் மட்டும் ஸ்தோத்திரம் சொன்னது. மனசு "இன்னும் ஒன்பது நாள்" என்று எண்ணிக்கொண்டிருந்தது. தாயே, வேண்டாம் என்று மட்டும் சொன்னால் எப்படி, வழியையும் நீதானே காட்ட வேண்டும் என்று சண்டை போட்டேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதுதான். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, தண்ணீர் எத்தனை குடம் பிடித்தேன் என்று குறிக்கிற நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, உன் வண்டியை அளக்க ஆரம்பித்தேன். முதலில் டயரில் காற்றைக் குறைத்தோம். துள்ளல் கொஞ்சம் தணிந்தது, ஆனால் போதவில்லை. எத்தனை எடைக்கு எத்தனை அமுங்குகிறது என்று தெரிய வேண்டும். கரையில் எடை தெரிந்த பொருள் என்றால் ஐஸ் கட்டிதானே? ஒரு முழுக் கட்டியைச் சாக்கில் சுற்றி வலது சக்கரத்துக்கு மேலே வைத்தேன். தையல் டேப்பால் அளந்தால், மூக்கு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

இடது பக்கம் மாற்றுவதற்குள் டீ வந்தது. அண்ணிக்கும் ரஃபீக்குக்கும் மறுபடி வாக்குவாதமும் வந்தது. அது ஓய்ந்த பிறகு அதே கட்டியைத் தூக்கி இடப்பக்கம் வைத்தோம். மூன்று விரற்கடை இறங்கியது.

ரஃபீக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐஸ வெச்சி எட பாத்த ஒரே ஆளு நீதான் தங்கச்சி! பாரு, கால்வாசி தண்ணியா ஓடிகினு கீது. உன் அளவு எல்லாம் கலீஜ்." உதட்டுத் தையலைப் பொத்திக்கொண்டு அண்ணியும் சிரித்தார்.

வெட்கத்தோடு நோட்டை மூடப் போனேன். மூட முடியவில்லை. கட்டி கரைந்தால் எடை குறையும். எடை குறைந்தால் மூக்கும் குறைவாகத்தானே இறங்க வேண்டும்? கனமான கட்டிக்கு அசையாத வண்டி, கரைந்த கட்டிக்கு எப்படி இறங்கியது?

மணலில் மண்டியிட்டுப் பார்த்தேன். வலது ஸ்பிரிங் தூண் மாதிரி நேராக நின்றது. இடது பக்கம், வண்டி விழுந்த அன்று மேல்பிடி வளைந்து, ஸ்பிரிங் உள்ளே பார்த்துச் சாய்ந்திருந்தது. இரண்டும் ஒரே ஸ்பிரிங்தான். நேராக நிற்பது சக்கரத்தோடு மல்லுக்கு நின்றது. சாய்ந்தது விட்டுக்கொடுத்தது.

ரஃபீக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. "அட, ஆமா. சாச்சா மெத்துனு ஆவும். மாத்தணும் மாத்தணும்னே நெனச்சிகினு இருந்தேன், எனக்கே தோணல பாரு. ஆனா ரொம்ப சாச்சா அடிதட்டும்."

அண்ணி என்னிடம்தான் கேட்டார். "கயட்டிட்டு, மறுபடி அதையேதான மாட்டுவீங்க?"

"அதையேதான் அண்ணி. அம்மன் வேற போடாதன்னுதான் சொன்னா. நிமிந்தே நிக்கணும்னு சொல்லலியே."

 அண்ணி இடது கையால் ஸ்பேனரை எடுத்து ரஃபீக்கிடம் நீட்டினார்.

இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கின் மேல்பிடி இருந்த இடத்தில், துளைக்குத் துளை சாய்வு கூடும்படி மூன்று துளை போட்ட பட்டையைப் பற்றவைத்தார் ரஃபீக். முதல் துளையில் வண்டி இன்னும் துள்ளியது. கடைசித் துளையில் அடி போய் மணலில் தட்டியது. நடுத்துளையில் முடுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கரையில் நின்றது. நாலு பெட்டி லோடு. அண்ணி கட்டை விரலில் துணி சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, ரெக்க கட்டிகினியா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"நீ வந்து மூக்குல குந்துடா, பறக்காது" என்றார் அண்ணி.

அந்த மேட்டை நெருங்கியபோது என் வாயில் அம்மன் பெயர்கூட வரவில்லை. முன்சக்கரங்கள் ஏறின. மூக்கு அமுங்கியது, நிமிர்ந்தது. சக்கரம் மணலை விடவில்லை.

"இன்னொரு தபா" என்றார் தேசப்பன் பெரியப்பா. "இந்தத் தபா வேகமா."

இரண்டாவது முறை வந்த வேகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொத்தென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் அண்ணி மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். தீர்ப்பு கேட்க அவர் நிற்கவே இல்லை. தெற்கே ஒரு போட் கரை ஏறிக்கொண்டிருந்தது, அதை நோக்கி வண்டியைத் திருப்பிவிட்டார்.

எல்லாரும் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். "போவட்டும் வுடு" என்றார் அவர். "மீனு வெயில்ல கெட்டுடும்."

அண்ணா, இன்னொன்றையும் உன்னிடம் ஒளிக்க மாட்டேன். இந்த உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? வாரத்துக்கு ஒருமுறை வந்து அந்த ஸ்பிரிங்கைத் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பேன். விரிசல் தட்டுப்படுகிற அன்றைக்கு, அண்ணி அழுதாலும் சரி, அம்மன் கோபித்தாலும் சரி, அவர் எடைக்கு ஏற்றதை என் கையால் மாட்டுவேன். நீ வைத்துவிட்டுப் போனதில் முதலில் காப்பாற்ற வேண்டியது அண்ணியைத்தான். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள், உன் கஸ்தூரிக்கு நாத்தனார்,
மல்லிகா