சிறையறையில் கூவிய பெயர்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம். காற்றாலை வேலையும் குறைவின்றி நடக்கிறது.

சென்ற ஞாயிறு, உடன் பணிபுரிவோர் என்னைப் பழைய எல்லைக் கோட்டைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றனர். கூடாரம் அடித்து ஏரியில் தூண்டிலிட்டோம். கெளுத்தியைப் பொரித்த டஸ்டின், "சாப்பிடுடா வெஸ்லி, உங்க கொமாஞ்சி சாமி ஒண்ணும் கண்ணைக் குத்தாது!" என்று சிரித்தான். மீன் உண்ணாத கொமாஞ்சிப் பழங்குடியில் பிறந்த நான் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டேன். அதுவரை சினமில்லை.

பிறகு பூங்கா வழிகாட்டி எங்களைச் சிறையறைக்குள் நிறுத்தி விளையாட்டொன்று தொடங்கினார். அந்நாளில் வெள்ளையர் படை அடைத்துவைத்து அங்கே மாண்ட நம் குடிக் கைதிகளின் பெயரை அவர் கூவ, நாங்கள் "உள்ளேன் ஐயா!" எனக் கத்த வேண்டுமாம். அவர் கூவியது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை, அம்மா! மாண்டவர் உறக்கம் கலையுமென்று தலைமுறை தலைமுறையாய் நாம் நாவில் ஏற்றாத பெயரை! கல்லறைக் கல்லில் மட்டுமே நான் படித்த பெயரை!

"நிறுத்துங்க!" என்றேன்.

"பேரைச் சொன்னாத்தானே தம்பி, ஜனங்க ஞாபகம் வெச்சுக்குவாங்க?" என்றார்.

"அடைச்சு வெச்சுக் கொன்னதும் நீங்க, தூங்கவிடாம எழுப்புறதும் நீங்களா?"

டஸ்டினின் சிரிப்பு அடங்கியது. வழிகாட்டியோ அடுத்த பெயரைக் கூவினார்.

இச்சனிக்கிழமையும் இவ்விளையாட்டு உண்டாம். மாமாவையும் பெரியம்மாக்களையும் வண்டியில் ஏற்றி வாருங்கள். எனக்குக் கொஞ்சம் உலர்ந்த இறைச்சியும் கொண்டுவாருங்கள். இங்கே எதிலும் நம் வீட்டுச் சுவையில்லை. அச்சிறை வாசலில் நாம் நிற்போம். நம் முகம் பார்த்து அவர் கூவட்டும், நா எழுந்தால்!

வேலை வண்டி ஒலியெழுப்புகிறது.

உங்கள் மகன்,
வெஸ்லி