அவர் கொண்டுவரும் கார்டு

ஜூன் 4

அன்புள்ள திருகாணிக்கு,

அண்ணி எழுதுவது. நீ நலமா? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அச்சகத்தை மூடுகிறார்கள். கொஞ்ச நாளாகவே அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. நேற்று முதலாளியே வந்து கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். நீ உடனே மூக்கைச் சிந்தாதே. புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்து தரச் சொல்லி இரண்டு பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

கடையில் தயாராகப் பூட்டி விற்பதை வாங்கப் போவதில்லை. இத்தனை வருஷமாக அச்சகத்தில் மெஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் "நீங்க தொடாதீங்க மேடம்" என்று என்னைத் தள்ளி உட்கார வைத்தார்கள். இனி நானே தொடுவேன். ஒவ்வொரு பாகமாக வாங்கி என் கையால் பூட்டப் போகிறேன். வீட்டிலிருந்த மிக்ஸி, ரேடியோ எதையும் விட்டுவைக்காமல் கழற்றிப் போட்டு, திருகாணி என்று பெயரெடுத்த நாத்தனார் இருக்கும்போது எனக்கென்ன பயம்? சர்வீஸ் சென்டரில் நீ தினமும் செய்வதை நான் ஒரே ஒரு தடவை செய்யப் போகிறேன். என்னென்ன வாங்க வேண்டும் என்று விவரமாக எழுது. போனில் வேண்டாம். நீ சொல்லச் சொல்ல இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. மெஷின் இரண்டு பேருக்கானது. உன் அண்ணனுக்கு அங்கே வேலை ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. வந்த மனுஷர் போன தடவை மாதிரி இரண்டு மாதத்தில் இருப்புக் கொள்ளாமல் இன்னொரு நாட்டுக்கு விண்ணப்பம் போடக் கூடாது. கேம் ஆட உட்கார்ந்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதற்கு ஏற்ற மாதிரி மெஷின் இருந்தால் வீட்டில் தங்குவார். சிரிக்காதே. பெண்டாட்டிக்காகத் தங்காதவர் கேமுக்காகவாவது தங்கட்டும்.

உன்னிடம் பேசுகிறாரா? என்னிடம் பேசும்போது வாசலில் யாரோ காத்திருக்கிற மாதிரியே பேசுகிறார்.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அச்சகம் மூடுவதைக் கேட்டு வருத்தப்படலாம் என்று பார்த்தேன். உங்கள் கடிதத்தில் வருத்தத்தையே காணோம், அதனால் நானும் படவில்லை.

முதலில் ஒரு வேண்டுகோள். அவசரப்படாதீர்கள். எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் முதல் பாகத்தையே வாங்க வேண்டும். ப்ராசஸர் எதுவோ அதற்கேற்ற மதர்போர்டு, மதர்போர்டு எதுவோ அதற்கேற்ற ரேம். ஒன்று மாறினால் மற்றதும் மாறும்.

உங்கள் வேலைக்கு ரேம்தான் முக்கியம். படங்கள் நிறைந்த புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நீங்கள் முன்னும் பின்னும் புரட்டும்போது அதுதான் தாங்க வேண்டும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பவர் சப்ளையும் நல்லதாக வாங்குங்கள். மட்டமானது கெட்டுப்போனால் தனியாகப் போகாது, மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். எல்லாவற்றையும் சேமித்துவைக்க எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். திரை பெரியதாக இருக்கட்டும், கண் உங்களுடையது. ப்ராசஸரை மட்டும், படம் காட்டும் வசதி உள்ளேயே அமைந்த ரகமாகப் பார்த்து வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. கேபினட் சின்னதாக இருந்தால் மேஜை மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

எந்தெந்த மாடல் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கடைக்காரர் வேறு எதையாவது தலையில் கட்டப் பார்த்தால் சிரித்துத் தலையாட்டிவிட்டு, நான் எழுதியதையே திரும்பக் கேளுங்கள். இங்கே வேலை கழுத்துவரை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
திருகாணி

ஜூன் 16

அன்புள்ள திருகாணிக்கு,

திட்டாதே, கேபினட் வாங்கிவிட்டேன். நீ அவசரப்படாதே என்று எழுதியது கையில்தான் இருந்தது. நான் என்ன செய்ய? அச்சகத்துக்குக் கிளம்பும் நேரம் வந்தால் கால் தானாக வாசலுக்குப் போகிறது. அப்படிப் போன கால் அன்றைக்குக் கடைத்தெருவில் போய் நின்றது. நீ சொன்ன சின்னது இல்லை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெரியது. மேஜையில் ஏறவில்லை. மேஜையை ஜன்னலோரம் போட்டேன், திரையில் வெயில் அடிக்கும் என்று சுவரோரம் இழுத்தேன், கதவு இடிக்கிறது என்று மறுபடியும் ஜன்னலுக்கே கொண்டுபோனேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, வீடு காலி பண்ணுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

உன் பட்டியலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஒரு ஆளுக்கான பட்டியல். இரண்டு பேர் என்று எழுதியிருந்தேனே, மறந்துவிட்டாயா? கேம் ஆட அவருக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு எங்கே? ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கேட்டேன். "கார்டு நானே எடுத்துட்டு வர்றேன், நீ வாங்காத" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கார்டுக்காக இல்லை. வர்றேன் என்று அவராக ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னாரே, அதற்காக.

அவர் கார்டு கொண்டுவரும்போது ப்ராசஸருக்குள் வேறு அந்த வசதி எதற்கு? அது இல்லாத ரகமும் இருக்கிறதாம், இன்னும் வேகமாம். அதையே வாங்கலாம் என்று பார்க்கிறேன். உன்னிடம் பேசுகிறாரா என்று கேட்டிருந்தேன், அதற்கும் நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கேபினட் பெரியதானால் பரவாயில்லை, உள்ளே காற்றோட்டமாக இருக்கும். ப்ராசஸரில் மட்டும் தயவுசெய்து என் பேச்சைக் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் ரகத்தில், கார்டு செருகும்வரை திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், உள்ளே எல்லாம் சரியாகவே நடக்கும், உங்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஆகஸ்டில் உங்களுக்கு வேலை தொடங்குகிறது. கார்டு வர நாளானால் என்ன செய்வீர்கள்? பதிப்பகத்தாரிடம் என்ன சொல்வீர்கள்? யார் வந்தாலும் வராவிட்டாலும் ஓடுகிற மெஷினாக வாங்குங்கள். கார்டு வந்தால் அப்போது செருகிக்கொள்ளலாம், அதற்கு இடம் இருக்கிறது.

அண்ணன் பேசினான். நன்றாக இருக்கிறான்.

அன்புடன்,
திருகாணி

ஜூலை 3

அன்புள்ள திருகாணிக்கு,

பூட்டிவிட்டேன்! மதர்போர்டைக் கேபினட்டில் மூன்றாவது தடவைதான் சரியாக இறக்கினேன். ப்ராசஸர் மேல் சூடு கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைக்கச் சொல்லி நீ தனித்தாளில் எழுதியிருந்தாய். நான் வைத்தது கொண்டைக்கடலை அளவு ஆகிவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ரேம் 'டக்' என்று உட்காரும்போது உடைந்தேபோயிற்று என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு திருகு மிச்சம். அது உன் குடும்பத்துச் சமாசாரம், நீயே வந்து எங்கே போடுவது என்று காட்டு.

பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை கருப்பு. நீ எழுதியது எழுதியபடி. ஆமாம், அந்த ரகத்தைத்தான் வாங்கினேன். தெரியாமல் வாங்கவில்லை, வேண்டுமென்றே வாங்கினேன். பத்து வருஷமாக இந்த வீடு அவர் இல்லாமலே நன்றாக ஓடுகிறது. கேஸ் வருகிறது, கரண்ட் பில் கட்டுகிறேன், குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுகிறேன். அவர் வந்தால்தான் ஓடும் என்று ஒன்றே ஒன்றாவது இங்கே இருக்கட்டும் என்று பட்டது. உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, ஆனாலும் வாங்கினேன்.

அவரிடம் போனில் சொன்னேன். "ம்" என்றார். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்டேன், பார்த்துச் சொல்கிறேன் என்றார். உன்னிடம் தேதி சொன்னாரா? வீட்டுக்குள் நடந்து நடந்து தரை தேய்கிறது.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

ப்ராசஸரை மாற்றிவிடுங்கள். கார்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கடைக்காரரின் நம்பரை அனுப்புங்கள், தொழில்காரர் என்ற முறையில் நானே பேசுகிறேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னிடம் ஒரு பழைய கார்டு இருக்கிறது, கூரியரில் அனுப்பிவிடுகிறேன். எதுவாக இருந்தாலும் இந்த வாரமே செய்யுங்கள்.

திருகாணி

ஜூலை 9

திருகாணி,

இன்னும் சில வாரங்களில் கையில் கார்டோடு வரப்போகிற ஆளுக்கு முன்னால், கூரியரில் ஒரு கார்டு எதற்கு?

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். பவர் சப்ளையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். காற்றோட்டம் பற்றி எழுதியிருக்கிறாய். அவரைப் பற்றி நான் கேட்காத கடிதம் இல்லை. நீ எழுதியது "நன்றாக இருக்கிறான்". முதல் பட்டியலிலேயே அவருக்கென்று ஒரு திருகுகூட இல்லை. நீ மறக்கிற ஆள் இல்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும் என்று ஏன் எழுதினாய்?

சுற்றி வளைக்காதே. அவர் வருகிறாரா, இல்லையா?

ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

வரவில்லை.

ஒப்பந்தத்தை ஏப்ரலிலேயே நீட்டித்துவிட்டான். அங்கே ஒருத்தி இருக்கிறாள், இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மே மாதம் என்னிடம் சொன்னான். உன் அண்ணியிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுக்காதே என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கேட்க வேண்டியதை அவன் வாயிலிருந்துதான் நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டு சொல்லிவிட்டாயா என்பேன். இந்த வாரம் என்பான். கார்டு கொண்டுவருகிறேன் என்று உங்களிடம் சொன்னானே, அதை உங்கள் கடிதத்தில் படித்த அன்றைக்கு அவனோடு சண்டை போட்டுவிட்டுப் போனை வைத்தேன். அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன், ப்ராசஸரைப் பற்றித்தான் எழுத வந்தது.

பட்டியலில் அவனுக்கென்று ஒன்றை எழுத எனக்குக் கை வரவில்லை. வராத ஆளுக்காக நீங்கள் செலவு செய்வதைப் பார்க்க முடியவில்லை. அதை மட்டுமாவது தடுக்கலாம் என்று பார்த்தேன். அதுவும் முடியவில்லை.

திருகாணி

ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கு,

கூரியரில் அனுப்பிய கார்டு, பெற்றுக்கொள்ள மறுப்பு என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. வேலையில் மனம் ஒட்டவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளரின் மெஷினில் கேபிளை மாற்றிச் செருகிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் கல்யாணத்தன்று எனக்கு ஒரு அக்கா கிடைத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவனால் அது போய்விடுமோ என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன், மூடியதாலேயே போய்விட்டதோ என்று இப்போது பயமாக இருக்கிறது. இரண்டு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

திருகாணி

ஆகஸ்ட் 8

அன்புள்ள திருகாணிக்கு,

பார்சலை நான்தான் திருப்பி அனுப்பினேன். உன் வீட்டிலிருந்து எந்தக் கார்டும் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. ப்ராசஸரை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். பெட்டியைப் பிரித்தாயிற்று, மாற்ற முடியாது என்றார் கடைக்காரர். அன்றைக்கு எனக்கு யாரோடாவது சண்டை போட்டே ஆக வேண்டும், பாவம் அவர் கிடைத்தார். கடையிலிருந்த கூட்டமெல்லாம் என் பக்கம் சேர்ந்துகொண்ட பிறகு, கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டு, நீ சொன்ன ரகத்துக்கு மாற்றிக் கொடுத்தார். மெஷின் ஓடுகிறது. முதல் புத்தகத்தின் பக்கங்கள் பாதி போய்விட்டன.

உன்மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளை எது, பசை எவ்வளவு என்று எனக்கு ஒரு பொய் இல்லாமல் எழுதினாய். மட்டமானதை வாங்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எச்சரித்தாய். என் வாழ்க்கையில் எது பழுது என்று தெரிந்திருந்தும், கண்ணாடி கேபினட்டுக்குக் காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று எழுதினாய். மேஜையை இழுத்து இழுத்துப் போட்டதை நான் எழுதினேனே, அதைப் படித்து நீ உள்ளுக்குள் சிரித்திருப்பாயோ என்று நினைத்தேன். சிரித்திருக்க மாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் நினைத்தேன், நினைத்து அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் கூப்பிட்டார். எல்லாவற்றையும் அவரே சொன்னார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, முழுக்கச் சொல்ல விட்டேன். வக்கீல் காகிதம் அனுப்புவாராம், கையெழுத்துப் போட்டால் போதுமாம். வீடு, சாமான் எதுவும் தனக்கு வேண்டாம் என்றார். அப்புறம் பெரிய மனசு பண்ணி, "இன்னும் உனக்கு என்ன வேணும்னு சொல்லு, குடுத்துடறேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே யோசித்தேன். அவரும் காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து போனில் அவர் அவ்வளவு நேரம் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில், யோசிக்காமலே வந்துவிட்டது. "உங்க தங்கச்சிய எனக்குக் குடுத்துடுங்க" என்றேன்.

"அவ என் தங்கச்சி" என்றார்.

"கேட்டீங்க, சொல்லிட்டேன். வேற எதையும் விட்டுத் தர்றேன். அவளைத் தர மாட்டேன்."

பிறகு, "அத அவகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன், கேட்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் கணக்குப் போடாதே. நீ வந்தால் முதல் நாள் முழுக்கத் திட்டுவேன். அதற்கும் சேர்த்து லீவு போட்டுக்கொண்டு வா.

இனியும் உன்,
அண்ணி