பதினாலாம் கேள்விக்கு அம்ஹா சொன்ன பதில்

கல்முனைக்குடி
19.07.2009

அன்பு மகள் ஸகியாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி அம்ஹாவும் சுகமாக இருக்கிறோம். லாகூரில் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய், தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே, உன் உடம்பை நினைத்துத்தான் உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்பாமல் இருக்கிறா. சண்டை முடிந்து இரண்டு மாதமாகிறது, சந்தியில் ஆமிக்காரர் இறக்கி ஏற்றிச் சோதிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நம் அம்ஹாவைப் போல் பார்வையில்லாத பிள்ளைகள் மனிதர்களை எப்படி விளங்கிப் பழகுகிறார்கள் என்று அளக்க, நமது ஊர்ப் பிள்ளை அந்த நாட்டுக்குப் போய் உருதுவில் கேள்வி எழுதுகிறாள் என்று பள்ளிவாசலில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். கண்ணூறு பட்டுப்போகும், கொஞ்சம் வாயை மூடுங்க என்று உம்மா ஏசுகிறா. நான் மூடவில்லை.

நீ தமிழில் எழுதி அனுப்பிய இருபது கேள்விகளையும் அம்ஹாவிடம் கேட்டு, உன் விடைத்தாளைப் பார்த்துச் சிவப்புப் பேனையால் புள்ளி போட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் கேள்வி ஒன்றுகூட இல்லாமல் குரலையும் காலடியையும் வைத்தே எழுதியிருக்கிறாய், கெட்டிக்காரி. பதின்மூன்று வரைக்கும் அவள் ஒன்றும் விடவில்லை. பதினாலாவதுதான், அங்குள்ள பிள்ளைகள் விடை சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள், எடுத்துவிடலாமா என்று நீ யோசிக்கிற அந்தக் கேள்வி. தினமும் நீ ஸலாம் சொல்லும் ஒருவரிடமிருந்து பதில் கேட்கவில்லை என்றால் என்ன காரணம்? அவருக்கு மனத்தாங்கல் என்றால் முழுப் புள்ளி. அம்ஹா, ஸலாம் சொன்னவர் நிண்டாரா போயிட்டாரா என்று என்னையே கேட்டாள். அப்படி ஒரு விடை தாளில் இல்லை, சைபர் போட்டேன்.

அப்போதுதான், மகள், அம்ஹா சொன்னாள், "காலிதீன் மாமா ஒவ்வொரு நாளும் உங்களுக்கு மறுமொழி சொல்றாரே வாப்பா. நீங்க சைக்கிள மிதிச்சுப் போயிடுறீங்க. பின்னுக்கு இரிக்கிற எனக்குத்தான் அது கேக்குது." ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்றேன். உங்களுக்கும் கேக்குதுண்டுதான் நினச்சிருந்தன் என்றாள்.

உனக்குத் தெரியும், சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டப் பட்டியலில் நமது பெயர் விடுபட்டபோது, பட்டியல் எழுதிய காலிதீனைப் பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேருக்கு முன்னால் கள்ளன் என்று சொன்னவன் நான். பிழை அவருடையது அல்ல என்று பிறகு தெரிந்தும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய கடையைக் கடக்கும்போது கடமைக்கு ஒரு ஸலாத்தை எறிந்துவிட்டுப் போவேன், பதில் இல்லை, மனுசன் என்னை வெறுத்துவிட்டான் என்று நாலு வருடமாக நினைத்திருந்தேன்.

மறுநாள் அம்ஹாவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும்போது அவர் கடைக்கு முன்னால் ஸலாம் சொல்லிக் காலை ஊன்றி நின்றேன். வஅலைக்குமுஸ்ஸலாம் என்றார், மெதுவாகத்தான். பிறகு, ஏன் நிக்காய், டயருக்குக் காத்துப் போயிட்டா என்று கேட்டார். இல்ல, உன்ட மறுமொழியக் கேக்கத்தான் நிண்டன், அண்டைக்குச் சொன்னதுக்கு என்னய மன்னிச்சுக்க என்றேன். அவர் அழுதார், நானும் அழுதேன், அம்ஹா பள்ளிக்குப் பிந்திவிட்டது என்று இரண்டு பேரையும் ஏசினாள்.

ஆகையால் பதினாலாம் கேள்வியை எடுத்துவிடாதே மகள், விடைத்தாளில் உள்ள விடையை மாற்று. லாகூர்ப் பிள்ளைகள் திருப்பிக் கேட்பது என்ன என்று பொறுமையாக இருந்து கேள். அம்ஹாவின் சைபரை வெட்டி முழுப் புள்ளி போட்டிருக்கிறேன். அந்தச் சைபரை உன் வாப்பாவின் பெயருக்கு எழுதிக்கொள்.

படைத்தவன் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. நேரத்துக்குச் சாப்பிடு. காலிதீன் மாமா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார், பதில் ஸலாம் எழுத மறக்காதே, அதை நான் அவர் கடையில் நின்று சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

உன்மேல் உயிரான வாப்பா,
சரீப்