வாணியின் முதல் பறப்பு

18.6.97 புதன்
மழை. வாணியின் நீல உடுப்பை அயன் பண்ணினேன். சனிக்கிழமை பேத்திக்கு விமானப் பணிப்பெண்ணாக முதல் பறப்பு. ஜெர்மனியில் எங்கள் டுசெல்டோர்ஃப் – ஸ்பெயின் தீவு மயோர்க்கா. விடுமுறைக்காரரை மலிவாக ஏற்றிப் போகிற கம்பனி. மிச்சமிருக்கிற சீட்டை வேலைக்காரரின் வீட்டாருக்குக் கொடுப்பார்களாம், அதில் எனக்கும் ஒன்று.
தமிழ்க் கடையில் நாலு பேருக்குச் சொன்னேன். ஒருத்தி, "பிளேனிலை தேத்தண்ணி குடுக்கிற வேலையோ அக்கா?"
"ஓம். உங்கடை மகள் ஏறினா அவவுக்கும் குடுப்பாள்."

வாங்க: கறிவேப்பிலை, முழங்கால் தைலம்.

19.6 வியாழன்
பத்தரைக்கு டெலிபோன். ஊரில் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர்; அங்கேயிருந்து எடுக்க ஏலாது என்று வவுனியாவுக்கு வந்து எடுத்தாராம். தம்பி போய்விட்டான். மல்லாவியில், காய்ச்சல். உயிர் போய் இன்றோடு பன்னிரண்டு நாளாம். லைன் அறுந்துவிட்டது. வாணி உடுப்புப் போட்டு எடுத்த படம் அவனுக்குக் கிடைத்ததா என்று கேட்க முடியவில்லை.
எல்லாரும் வேலையில். வீட்டில் நான் மட்டும்.
மகளும் மருமகனும் இங்கே வந்த பிறகு வாணியை ஊரில் என்னோடு சேர்ந்து வளர்த்தவன் தம்பி. பள்ளிக்கூடம் போக சைக்கிள் பாரில் ஏற்றிப் போனவன். அவளுக்கு ராசு தாத்தா.
சொன்னால், சாவுத் தீட்டு, துடக்கு வீடு, நல்ல காரியத்துக்கு வெளிக்கிட ஏலாது என்று மகள் நிறுத்துவாள். வாணியும் போகமாட்டாள். முதல் ஆறு மாதம் சோதித்துப் பார்க்கிற காலமாம். முதல் நாளே வராதவளை வைத்திருப்பார்களா?
சனி கழியட்டும்.

20.6 வெள்ளி
வெயில். நேற்றுத் துடக்குக்குத் தோய்ந்தது போல இன்றும் தலை தோய்ந்தேன். ஏன் என்று மகள் கேட்டாள். சூடு என்றேன். முழங்கால் நோ என்று சாட்டுச் சொல்லி, சாமி விளக்கை அவளை ஏற்ற வைத்தேன். துடக்கு வீட்டில் விளக்கு. பாவம் என்னோடு போகட்டும்.
குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.
வாணி குசினி அடுப்படியில் நின்று அறிவிப்புச் சொல்லிப் பழகினாள். முதலில் ஜெர்மனில், பிறகு பகிடிக்குத் தமிழில்: "எல்லாரும் பெல்ட்டைக் கட்டுங்கோ. அம்மம்மா, நீங்கள் வாயையும் கட்டுங்கோ."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

21.6 சனி
22ஆம் வரிசை, ஜன்னல். சுற்றிவர அரைக்காற்சட்டைக்காரர், விடியவே பியர். நான் பட்டுச்சேலை. மகளின் பிடிவாதம்.
வாணி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவரிடமும் குனிந்து, சிரித்து. என்னிடம் வந்து, "கோப்பியோ தேத்தண்ணியோ, அம்மம்மா?" கண்ணீர் கொட்டிற்று.
"அழாதேங்கோ. நான் தேத்தண்ணி தந்தனான் எண்டு ராசு தாத்தாவுக்கு எழுதிப் போடுங்கோ."
"ஓம்" என்றேன்.
பயமாக்கும் என்று நினைத்து, பக்கத்து ஜெர்மன்காரி என் கையைப் பிடித்தாள். பிளேன் நிலத்தைத் தொட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதே பிளேனில் திரும்பினோம்.

22.6 ஞாயிறு
மத்தியானம் சொல்லிவிட்டேன். மகள் நிலத்தில் குந்தி அழுதாள். வாணி அழவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன்.
"அப்ப பிளேனிலை, அவருக்கு எழுதுங்கோ எண்டு நான் சொல்ல, ஓம் எண்டனீங்கள்."
அவளின் கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன்.
"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."
"சொன்னா நீ போகாமல் நிண்டிருப்பாய்."
"ஓம். நிண்டிருப்பன். அது என்ரை விருப்பம்."
அறைக் கதவைச் சாத்தினாள்.

24.6 செவ்வாய்
காற்று. இரண்டாம் பறப்பு. போகவேண்டாம் என்று மகள் மறித்தாள். "அம்மம்மா பொய் சொல்லிக் காப்பாத்தித் தந்த வேலை. விடலாமோ?" என்று தாயிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கத்தான் சொன்னாள்.
ஆறு மணிக்கு வருவாள். புட்டு அவித்துக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து மூடியிருக்கிறேன். என்னோடு இருந்து சாப்பிடுவாளோ.