மகாவலிப் பள்ளத்தில் கடைசிச் சுற்று

மச்சான்,

பக்கத்து வீட்டுக்காரன் சுவர் எழுப்புகிறான். இன்று ஒரு லொறி ஆற்று மணல் வந்து இறங்கியது. ஈர மணலின் வாடை ஜன்னல் வழியே ஏறியதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழை பார்த்து நீ சிரிக்க முடியாது. உனக்கு அந்த மூன்றும் கிடையாது.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்நாளில், கண்டியின் நகைப் பத்தர் கடைச் சாக்கடைச் சேற்றை மரத்தட்டில் அலசிப் பொன்தூள் எடுப்பது உன் பிழைப்பு. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, காய்ச்சலில் கிடந்தபோது அவள் தாலியை விற்றுத்தான் மருந்து வாங்கினாய். பிறகு அவள் கழுத்துக் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டுதான் கிடந்தது.

"பொன்னு அரிக்கிறவன் பொண்டாட்டிக்கு மஞ்சளாடா?" என்று சீண்டினால், "பொறு, ஒன் கண்ணு கூசுற மாதிரிப் போடுறேன்" என்பாய்.

ஹுன்னஸ்கிரிய மலைக்குக் கீழே, மகாவலி இரண்டு மலைகளுக்கிடையே நெருக்கியடித்து ஓடும் பள்ளத்தில் முன்னொரு காலத்தில் துரைமார் பொன் தோண்டினார்கள் என்று ஒரு வண்டிக்காரன் சொன்னான். அடுத்த கிழமையே என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

என்ன அழகு அது! வானம் வேட்டிக்கரை அகலத்துக்குத்தான் தெரிந்தது. பாறையிலிருந்து மூங்கில் தொங்கியது. கைவிட்ட குழிகளில் தவளைகள் குடியிருந்தன.

"தொரைமாரு தவளையத்தான் தோண்டுனாங்களா மச்சான்?"

நீ சிரிக்கவில்லை. கல் கல்லாகத் தாவி நடு ஆற்றுப் பாறைக்குப் போய் அலச ஆரம்பித்துவிட்டாய். உச்சி சாய்ந்ததும் கத்தினாய்: "இருக்குடா! மினுங்குதுடா!"

"காக்காப்பொன்னா இருக்கும்!"

"போடா! என் கண்ணையா ஏமாத்தும்? ஒரு தாலிப்பொட்டு செய்யக் காணும்!"

அப்போதுதான் தண்ணீரின் நிறம் மாறியது. மேல்மலையில் எங்கோ மழை. நீ தாவிப்போன கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"தட்டப் போட்டுட்டு வா மச்சான்!"

"கடைசிச் சுத்துடா! இப்ப விட்டா எல்லாம் மண்ணோட கலந்துரும்!"

சாக்கடையோரத்தில் அது சரியான தொழில். கடைசிச் சுற்றில் எவன் கூப்பிட்டாலும் நீ தலை தூக்கமாட்டாய். ஆற்றுக்கு உன் தொழில் தெரியாதே.

எனக்கு நீந்தத் தெரியாது. வேட்டியை அவிழ்த்து வீசினேன், பாதிதூரம்கூட எட்டவில்லை. மூங்கிலைப் பிடித்து இழுத்தேன். வளைந்ததே தவிர ஒடியவில்லை. நீ நிமிர்ந்தபோது இடுப்பு வரை தண்ணீர். தட்டை நெஞ்சோடு அணைத்தபடி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பாறையும் இல்லை, நீயும் இல்லை.

தங்கச்சி அழவில்லை. "கடைசியா என்ன சொன்னாரு அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

வாயாலேயே ஊரை விற்றுவிடுகிறவன் நான். அன்று ஒரு பொய்கூட வரவில்லை. "கேக்கல தாயி" என்றேன்.

உன் வாய் அசைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இத்தனை வருஷமும் அதில் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்க்கிறேன். அவள் பெயரை வைத்தேன். 'வீட்டுக்குப் போ' என்று வைத்தேன். நீ என்னை வழக்கமாகத் திட்டும் கெட்ட வார்த்தையை வைத்தேன். அது நன்றாகவே பொருந்தியது, சிரித்தும்விட்டேன்.

'கை குடு' என்றும் வைத்துப் பார்த்தேன்.

அதுவும் பொருந்துகிறது, மச்சான்.